நேபாளச் சமையலில் தனியாகக் கற்க என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 27

வட இந்தியச் சமையல் எனக்கு ஓரளவு வரும். ராஜ்மா, தால் மக்கனி, ஆலு கோபி எல்லாம் வீட்டில் செய்கிறேன். நேபாளச் சாப்பாடும் கற்றுக்கொள்ளலாம் என்று காணொளிகள் பார்த்தேன். பருப்பு, சோறு, காய், தொட்டுக்கொள்ள ஓர் அச்சார், அவ்வளவுதான் தெரிகிறது. மசாலாவைக் குறைத்தால் அதுவும் வட இந்தியச் சமையல்தானே? மோமோவை விட்டால் தனியாகக் கற்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், சைவம்.

ஜூன் 28

காட்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் குடியிருக்கிறேன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மசாலாவைக் குறைத்தால் நேபாளச் சமையல் வராது, சப்பென்ற வட இந்தியச் சமையல்தான் வரும். இங்கே மலை வீடுகளில் சாதாரண நாளில் வெங்காயமும் தக்காளியும் வதக்கிக் கெட்டியாக ஒரு குழம்பு கட்டுவது குறைவு. பருப்பு மஞ்சளும் உப்பும் இஞ்சியும் போட்டுத் தன்பாட்டுக்கு வேகும், கீரை ஒரு பக்கம் வதங்கும், ருசி முழுக்கக் கடைசியில் விழும் தாளிப்பில் இருக்கிறது, அந்தத் தாளிப்பு பதார்த்தத்துக்குப் பதார்த்தம் வேறு.

நாம் சாம்பார், பொரியல், சட்னி, மோர்க்குழம்பு எல்லாவற்றுக்கும் கடுகு உளுத்தம்பருப்பையே வெடிக்க விடுவோம். நான் பழகிய வீடுகளில் தோல் உளுந்துப் பருப்புக்கு ஜிம்பு என்ற காய்ந்த மலை இலை, மசூர் பருப்புக்குச் சீரகம், பரங்கிக்காய்க்கு வெந்தயம், முளைகட்டிய பயறுக்கும் சேம்புக்கும் ஓமம், கீரைக்குக் காய்ந்த மிளகாய் மட்டும். எதற்கு எது என்று கை தானாகப் போகிற வரைக்கும் பழகுவதுதான் இந்தப் படிப்பு. கரம் மசாலா எங்கள் வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியிலும் உண்டு, ஆனால் இறைச்சி சமைக்கும் நாளில்தான் அந்த டப்பா கீழே இறங்கும்.

மோமோவில் தொடங்காதீர்கள். இங்கே அதற்குத் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. ஒரு தட்டுச் சாப்பாட்டை முழுசாகக் கற்பதுதான் வழி: பருப்பு, சோறு, கீரை, அச்சார், நான்கும் ஒரே நேரத்தில் சூடாகத் தட்டுக்கு வர வேண்டும்.

ஜூன் 29

இன்று நேபாள நாட்காட்டியில் அசார் மாதம் 15. நாற்று நடும் திருநாள், நாடு முழுக்கத் தயிரும் சியூராவும். சியூரா நம் அவல்தான், ஆனால் ஊறவைக்காமல் அப்படியே தட்டில் போட்டு மேலே தயிர் விடுகிறார்கள், கூடவே வாழைப்பழமோ மாம்பழமோ. அடுப்பே பற்றவைக்காத சாப்பாடு. நடவு வயலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று ஒருமுறை வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டபோது விளங்கியது. கேள்வி கேட்டவர் இன்றே இதைச் செய்யலாம், கற்க ஒன்றும் இல்லை.

ஜூலை 3

முதல் பாடம் கறுப்புப் பருப்பு, மாஸ் தால் என்பார்கள். தோலோடு உடைத்த உளுந்து. தோலைக் கழுவி நீக்கிவிடாதீர்கள், நிறமும் மணமும் அதில்தான். தால் மக்கனியின் முழு உளுந்து வேறு வழியில் போகிறது, அதில் வெண்ணெயும் பாலாடையும் பேசும். இதில் அவை இரண்டும் சேர்ப்பதில்லை.

காட்மாண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் சாதாரணப் பாத்திரத்தில் உளுந்து வேக நேரம் பிடிக்கும், எல்லா வீட்டிலும் குக்கர் உண்டு. வெந்ததை அப்புறம் இரும்புச் சட்டிக்கு மாற்றி அரைமணி நேரம் சின்னத் தீயில் கொதிக்க விடுகிறார்கள். இரும்பு பட்டுப் பருப்பு இன்னும் கறுக்கும். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்க வேண்டும், வாயுவுக்காகவும் மணத்துக்காகவும். பதம் என்றால் கரண்டியில் எடுத்து ஊற்றினால் சோற்றின் மேல் படிந்து நிற்கவும் கூடாது, ஓடித் தட்டின் விளிம்புக்குப் போகவும் கூடாது.

இனி ஜிம்பு. வெங்காயக் குடும்பத்துச் செடி, முஸ்தாங் முதலான உயர்ந்த மலைப் பகுதிகளில் விளைவது. இலையைப் பறித்துக் காயவைத்து விற்கிறார்கள், பார்த்தால் காய்ந்த புல் மாதிரி இருக்கும், முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. நெய் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு விரலில் அள்ளும் அளவு போட வேண்டும். இரண்டு மூன்று நொடியில் பழுப்பாகும், அப்போதே பருப்பில் கொட்டி மூடிவிட வேண்டும், இன்னும் ஒரு நொடி போனால் கசப்பு. அந்த மூடியைத் திறக்கும்போது வருகிற வாசனை பூண்டிலும் இல்லை வெங்காயத்திலும் இல்லை. கீழ்வீட்டில் தாளித்தால் மேல்வீட்டில் எங்களுக்குப் பசி எடுக்கும்.

ஜூலை 4

ஜிம்புக்குப் பதில் என்ன போடலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் தட்டிய பூண்டும் போட்டால் நல்ல உளுந்துப் பருப்பு கிடைக்கும், ஜிம்பு வாசனை கிடைக்காது. காட்மாண்டுக்கு யாராவது வந்தால் அசன் சந்தையில் வாங்கிவரச் சொல்லுங்கள், எடையே இல்லாத பொருள், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. உத்தராகண்டின் குமாவுன் மலைக்காரர்கள் இதே இலையை ஜம்பு என்று தாளிக்கிறார்கள், முன்சியாரிப் பக்கம் விற்கிறார்கள். இதிலிருந்து கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் நேபாளத்தைப் பஞ்சாபோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். நம் உணவகங்களில் வட இந்தியச் சாப்பாடு என்று வருவது பெரும்பாலும் பஞ்சாபிச் சாப்பாடு என்பதால் அப்படித் தோன்றுகிறது. குமாவுன், கட்வால், சிக்கிம், டார்ஜிலிங் வீடுகளோடு ஒப்பிடுங்கள். இரும்புச் சட்டி, கறுப்பு உளுந்து, கறுப்புச் சோயா, உலர்த்திய கீரை, கடுகெண்ணெய், எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கட்வாலில் கறுப்பு உளுந்தை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துச் சைன்சு என்று ஒரு பருப்புச் செய்வார்கள், ஊறவைக்கிற வேலையே இல்லை. மாஸ் தால் கைவந்தவர் அதைச் சிரமமில்லாமல் செய்துவிடலாம்.

ஜூலை 11

இன்றைக்கு ஆலு அச்சார். இதை நின்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தடுமாறுகிற இடம் இதில் ஒன்று இருக்கிறது.

அரைக்கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்துச் சதுரமாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஆறியிருக்க வேண்டும், சூடாக நறுக்கினால் உடையும். நான்கைந்து மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறத்துக்கு வறுத்துப் பொடியுங்கள். மிக்சியில் ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும், விட்டு விட்டு ஓட்டுங்கள். இங்கே சிலௌட்டோ என்று அம்மி இருக்கிறது, லோஹோரோ என்று குழவி. வீட்டுக்கார அம்மா எள்ளை அதில்தான் நுணுக்குவார், மகன் வாங்கித் தந்த மிக்சி உறையோடு அலமாரியில் இருக்கிறது. கிழங்கில் எள்ளுப்பொடி, உப்பு, மிளகாய்த்தூள், நறுக்கிய வெள்ளரிக்காய், ஊறவைத்து வேகவைத்த பட்டாணி, எலுமிச்சைச் சாறு, திமுர் என்ற மலைக்காயின் பொடி கால் கரண்டி. கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தளர்த்தியாக வைத்துக்கொள்ள வேண்டும், எள் பிறகு இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் கிழங்கின் மேலேயே குவித்து வைத்திருக்கும், இன்னும் கலக்கக் கூடாது, குவியலின் உச்சியில் ஒரு சின்னக் குழி.

இனித் தாளிப்பு. கடுகெண்ணெய் புகை வரும்வரை காய வேண்டும், பச்சை நெடி போவது அப்போதுதான். தீயைத் தணித்து அரைக்கரண்டி வெந்தயம் போடுங்கள். சிவக்கும். நம் கை அடுப்பை அணைக்கப் போகும், வெந்தயம் கருகினால் குழம்பே கசக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை அது. அணைக்காதீர்கள். காப்பிக்கொட்டை நிறத்தையும் தாண்டி ஏறக்குறைய கறுப்பாகும்வரை விடுங்கள். கீறிய பச்சைமிளகாயைப் போட்டு, அடுப்பை அணைத்து, அரைக்கரண்டி மஞ்சள்தூளை அந்த எண்ணெயில் கொட்டிய உடனே, ஒரு மூச்சுக்கூட விடாமல், குழியில் ஊற்றிவிடுங்கள். மிளகாய்த்தூளும் எள்ளும் அந்தச் சூட்டில் பொரியும். தட்டால் மூடி வைத்து, அப்புறம் கையால் பிசைந்து கலக்க வேண்டும். கரண்டி போட்டால் கிழங்கின் முனைகள் உடைந்து எள்ளோடு சேராது.

வெந்தயத்தின் கசப்பை எள்ளும் எலுமிச்சையும் வாங்கிக்கொள்ளும், மிஞ்சுவது ஒரு ஆழமான மணம். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு சாப்பிடுங்கள். நம் வெந்தயக் குழம்பு ருசித்த நாக்குக்கு இது ஒட்டாமல் போகாது.

ஜூலை 12

நல்லெண்ணெயில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: ஆலு அச்சாரில் வேண்டாம். எள் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் எள்ளெண்ணெய் போனால் கனத்துவிடும், கடுகெண்ணெயின் காரம்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பருப்புக்கு நெய் போதும். கீரைக்கு எந்த எண்ணெய் ஊற்றினாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

திமுர் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மலையில் முள்செடியில் காய்க்கிற சின்னக் காய், உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் பொடிப்பார்கள். நாக்கு கொஞ்சம் மரத்துப்போகும். அதே மரத்தின் குச்சியில் உத்தராகண்டில் பல் துலக்குவார்கள். விதையோடு பொடித்தால் வாயில் மணல் நெரிகிறமாதிரி இருக்கும், வாங்கியதும் உட்கார்ந்து பொறுக்கிவிடுங்கள்.

ஜூலை 20

சமையல் வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுற்றுலாப் பயணிகள் குவியும் பகுதியில் ஒரு வகுப்பு, பெயர் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பருப்புக்கும் காய்க்கும் கோழிக்கும் ஒரே வெங்காயத் தக்காளி விழுது, ஒரே மசாலாப் பொட்டலம். ஜிம்புவின் பெயர்கூட எடுக்கவில்லை. திமுர் எங்கே என்று கேட்டேன், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது என்றார் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பையன் வீட்டில் அவன் அம்மா இப்படிச் சமைக்கமாட்டார், அவனுக்கே அது தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்கள் நேபாளத்தைக் கற்றோம் என்று நினைத்துக்கொண்டு தங்கள் ஊர் இந்திய உணவகத்துச் சாப்பாட்டையே கற்றுத் திரும்புகிறார்கள்.

வகுப்புக்குப் போனால் முதலில் கேளுங்கள்: சந்தைக்கு அழைத்துப் போவீர்களா, இன்றைய அச்சார் என்ன, தாளிப்பு எத்தனை வகை. பதில் வருகிற விதத்திலேயே தெரிந்துவிடும். நல்ல வகுப்புகளும் இருக்கின்றன. வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கும்பலாகச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆகஸ்ட் 19

ஜனை பூர்ணிமா, இன்று வீட்டுக்கு வீடு க்வாட்டி. ஒன்பது பயறு: கறுப்பு உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, சோயா, தட்டைப்பயறு, பட்டாணியில் இரண்டு வகை, மஸ்யாங் என்ற மலைப்பயறு. கோவையில் மஸ்யாங் கிடைக்காது, அதற்குப் பதில் நம் காராமணியில் இன்னொரு நிறத்தைப் போட்டுக் கணக்கைச் சரிசெய்யுங்கள். இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி இரண்டு மூன்று நாள். காலையும் மாலையும் அலசிக் கட்டாவிட்டால் சோயா நாறிவிடும், பிறகு மற்ற எட்டையும் காப்பாற்ற முடியாது.

முளை ஒரு விரல்கணு அளவு வந்ததும் இஞ்சி, பூண்டு, சீரகம், மஞ்சள் போட்டு வதக்கித் தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைக்க வேண்டும். இது சாறாகக் குடிக்கிற பண்டம். மேலே நெய்யில் ஓமம், அதுவும் சிவக்கச் சிவக்க. இவ்வளவு பயறு வயிற்றுக்குள் போகும்போது ஓமம் இல்லாமல் முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு இங்கே ஓமச்சாறு வைத்துக் கொடுக்கிறார்கள், பால் ஊறும் என்று. நம் வீட்டுப் பெரியவர்களும் பேறுகாலத்தில் ஓமத்தைத்தான் தேடுவார்கள்.

நடவு வேலை முடிந்து உடம்பு தளர்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் பண்டிகை வருவது யோசித்துச் செய்த காரியம் என்று நினைக்கிறேன். காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் உழவர்கள் இன்று வயலில் தவளைகளுக்கும் சோறும் க்வாட்டியும் வைப்பார்கள். நல்ல மழை தந்ததற்கு நன்றி. எங்கள் தெருக்கோடி வயலில் இலையில் வைத்திருந்ததைக் காலையில் பார்த்தேன், தவளைக்கு முன்னால் காக்காய் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 25

பீர்கஞ்சில் சில வருடம் இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: அங்கே எல்லா வீட்டிலும் மசாலா அரைத்துத்தான் குழம்பு, நான் சொல்வது நேபாளமே இல்லை என்று. அவர் சொல்வது அவர் பார்த்த தராய்ச் சமவெளிக்கு முழுக்கச் சரி. ஜூன் 28இல் நான் எழுதியது மலைக்கும் பள்ளத்தாக்குக்கும். தென்பக்கச் சமவெளியில் போஜ்புரியும் மைதிலியும் பேசும் வீடுகள், அவர்களின் அடுப்பு பீகாரோடு சேர்ந்தது. ஜனக்பூரில் கடுகை அரைத்து மீன் குழம்பு வைப்பார்கள், காய்களை மெலிசாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரிக்கும் தருவா இல்லாமல் விருந்து கிடையாது. மைதிலிச் சமையலைக் கற்க விரும்புபவர் எல்லைக்கு இந்தப் பக்கம் கற்றால் என்ன, தர்பங்காவில் கற்றால் என்ன.

ஆகவே நேபாளச் சமையல் என்று ஒரே சொல்லில் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதே கொஞ்சம் அவசரம்தான். கிழக்கு மலையில் ராய், லிம்பு வீடுகளில் சோயாவைப் புளிக்கவைத்துக் கினேமா செய்வார்கள், பால்பாவின் தான்சேன் ஊரில் உருளைக்கிழங்கையும் தயிரையும் சேர்த்துச் சுக்கௌனி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு வேண்டும். கோவைக்காரருக்குச் சுக்கௌனி உடனே கைவரும், நம் தயிர்ப்பச்சடி தெரிந்தவர்களுக்கு அது அரைமணி நேர வேலை. கறுத்த வெந்தயம் அதிலும் உண்டு.

அக்டோபர் 3

நலமா என்று கேட்டவர்களுக்கு நன்றி, நலம். செப்டம்பர் கடைசி வார மழை கொடுமையாகப் போய்விட்டது. ஆறுகள் ஊருக்குள் வந்தன, பிருத்வி நெடுஞ்சாலையில் மண் சரிந்து பேருந்துகளே புதைந்தன, இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். சாலைகள் அடைபட்டதில் காலிமாட்டி மொத்தச் சந்தைக்கு வண்டி வரவில்லை, காய்கறி விலை ஏறிவிட்டது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்கார அம்மாவின் பரண் திறந்தது. குந்த்ருக் என்ற புளிக்கவைத்துக் காயவைத்த கீரை, மஸ்யௌரா, காய்ந்த முள்ளங்கி. மஸ்யௌரா என்பது உளுந்து மாவில் சேம்பையோ நீர்ப்பூசணியையோ சீவிக் கலந்து உருட்டிக் காயவைப்பது, நம் வடகத்தின் உறவு, ஆனால் பொரித்துத் தொட்டுக்கொள்வதில்லை, வறுத்து உருளைக்கிழங்கோடு குழம்பில் வேகவைக்கிறார்கள். சாலை அடைபடுவது இந்த மலைகளில் புதிதில்லை, 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த இலையுதிர்காலத்தில் எல்லையில் சரக்கு நின்றபோது எரிவாயு உருளையைப் பாதி நிரப்பித்தான் கொடுத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இங்குள்ளவர்கள் குந்த்ருக்கையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

குந்த்ருக் செய்வது: ராயோ என்ற கடுகுக்கீரை, முள்ளங்கிக் கீரை, காலிபிளவர் இலை, எதுவானாலும் ஒன்றிரண்டு நாள் வெயிலில் வாட வேண்டும். வாடியதைக் கசக்கி நறுக்கி, ஜாடியில் காற்றே இல்லாதபடி குத்திக் குத்தி அடைப்பார்கள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, இலையில் இருக்கும் நுண்ணுயிர்களே புளிப்பை உண்டாக்கிவிடும். வாயை இறுக மூடி வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம். திறந்தால் சுத்தமான புளிப்பு வாசனை வர வேண்டும். பிறகு எடுத்து உதறி மூன்று நான்கு நாள் வெயிலில் மொரமொரவென்று காயவைத்துவிட்டால் அடுத்த குளிர்காலம்வரை இருக்கும். கீரை மலிவாகக் குவிகிற குளிர்காலத்தில்தான் இதைச் செய்வார்கள். சாறு வைக்கும்போது ஒரு கைப்பிடியை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதக்கியதில் போட்டு, ஊறவைத்த சோயா கொஞ்சம், தக்காளி ஒன்று, தண்ணீர், அவ்வளவுதான். புளி தேவையில்லை.

இந்த வாரம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டோம், மேல்வீடு கீழ்வீடு இரண்டுமே ஒரே சட்டியில்.

நவம்பர் 5

திஹார், இங்கத்தித் தீபாவளி, முடிந்தது. சேல் ரொட்டி பற்றிக் கேட்டிருந்தவருக்கு: பச்சரிசியை இரவு ஊறவைத்து, கொஞ்சம் நறநறப்பாக அரைக்க வேண்டும், சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கையால் அடித்து அடித்து மாவு லேசாகும்வரை. பழுத்த வாழைப்பழம் பிசைந்து சேர்ப்பவர்களும் உண்டு. காய்ந்த எண்ணெயில் கையாலேயே வளையமாக ஊற்றி, குச்சியால் திருப்பிப் போடுவார்கள். மாவு நைசாகிவிட்டால் எண்ணெய் குடிக்கும், தண்ணியாகிவிட்டால் வளையம் சேராது. கிரைண்டரில் ஓட்டாதீர்கள், இட்லி மாவுப் பதத்துக்கு அது இழுத்துக்கொண்டு போய்விடும். வளையம் போடுவது கைப்பழக்கம், எழுத்தில் சொல்ல முடியாது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

குமாவுனில் ரவையும் தயிரும் சேர்த்து இதேபோல் வளையமாகச் சிங்கல் பொரிக்கிறார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனதால் இன்னொன்று. கட்வாலில் கல்யாணத்துக்கு அர்சா என்று ஒரு பலகாரம். அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப்பாகில் கிளறி, தட்டிப் பொரிப்பது. நம் அதிரசம். டேராடூனில் ஒரு நண்பர் வீட்டில் டப்பாவைத் திறந்து நீட்டியபோது நான் தீபாவளிக்கு ஊரிலிருந்து பார்சல் வந்ததோ என்று கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. பாகு கம்பிப்பதமா உருட்டுப்பதமா என்று அவர் அம்மாவோடு சைகையிலேயே பேசி முடித்தோம்.

டிசம்பர் 15

யோமரி புன்ஹி. நேவார்களின் அறுவடைப் பண்டிகை, புது அரிசி மாவில் யோமரி. இதில் மட்டும் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைக்குச் செய்கிறமாதிரியே வெந்நீர் விட்டு மாவைப் பிசைகிறார்கள், உள்ளே சாகு என்ற கெட்டி வெல்லமும் எள்ளும், இட்லிச் சட்டிபோல் ஒன்றில் ஆவியில் அவிக்கிறார்கள். வடிவம்தான் வேறு. ஆள்காட்டி விரலில் எண்ணெய் தடவி, மாவுருண்டையை அதன் மேல் குத்திச் சுற்றிச் சுற்றி நீளக் கூம்பாக இழுத்து, வெல்லம் வைத்து, வாயை இரண்டு வாலாகத் திருகி மூட வேண்டும். கூம்பின் நுனி தடித்தால் அங்கே மாவு வேகாது, மெலிந்தால் வெல்லம் ஒழுகும். வீட்டுக்கார அம்மாவின் மருமகள் என் கொழுக்கட்டைச் சொப்பைப் பார்த்துவிட்டு அவரிடம் திருப்பிக் காட்டினார், இருவரும் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்து கற்றுக்கொள்கிறார்களாம்.

2025 ஜனவரி 12

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருப்பதைப் பார்த்து மனசு நிறைந்தது. மாஸ் தால் பழகிவிட்டது, ஆலு அச்சார் வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அடுத்தது என்ன என்கிறார். அடுத்தது திண்டோ.

கேழ்வரகு மாவு உங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே கேழ்வரகு, மக்காச்சோளம், முஸ்தாங் பக்கம் பாப்பர் என்ற தானியத்தின் மாவு. மார்பா ஊர்க்காரத் தகாலித் தோழி ஒருத்தி பாப்பர் திண்டோவைத் தவிர மற்றதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். திபெத்து உப்பும் தெற்குத் தானியமும் கைமாறிய காளி கண்டகிப் பாதையில் விடுதி நடத்தியவர்கள் தகாலிகள், வழிப்போக்கர்களுக்குச் சமைத்துச் சமைத்துத் தேறிய கை. அவள் செய்முறையைச் சொல்கிறேன்: இரும்புச் சட்டியில் மூன்று பங்கு தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு பங்கு மாவை இடது கையால் தூவிக்கொண்டே வலது கையால் மரத்துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். கெட்டிப்பட்டதும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் அழுத்திக் கிண்டினால் சட்டியை விட்டுத் திரண்டு வரும். நம் களிதான், கிண்டத் தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மெல்லக் கூடாது, கிள்ளி, சாற்றில் முக்கி, விழுங்க வேண்டும். பக்கத்தில் உருகிய நெய், திமுரும் மிளகாயும் உப்பும் இடித்த பொடி.

அந்தச் சாறு குந்த்ருக் சாறாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பருப்பு ஊற்றிச் சாப்பிட்டால் திண்டோ கனமாகத் தொண்டையில் நிற்கும், புளிப்புத்தான் அதை இறக்குகிறது. கோவையில் குந்த்ருக் கிடைக்காது, ஆனால் செய்யலாம், இதுதான் மாதம். நாளை மறுநாள் இங்கே மாகே சங்கராந்தி, அங்கே பொங்கல், அந்த வேலை முடிந்ததும் தொடங்குங்கள். அக்டோபர் 3இல் எழுதியதில் ஒரே ஒரு மாற்றம்: உங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஒரு வாரம் அதிகமாக இருக்கலாம், நான்காம் நாளிலிருந்து மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், ஒரு இலையை வாயில் போட்டு மெல்லுங்கள், புளிப்பு பிடித்ததும் எடுத்துக் காயவையுங்கள். வழவழப்பாகவோ கெட்ட வாடையாகவோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஜாடியில் குத்தி அடைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஒரு பெரிய கட்டுக் கீரை கைப்பிடி அளவுக்குத்தான் வரும். முள்ளங்கி வாங்கும்போது கடைக்காரர் கீரையைத் திருகிப் போடுவதற்கு முன்னால் சொல்லி, மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.